காவல்காரர் வீட்டுத் தூண்டில் முள்

கோவில்பட்டியில் சந்தைப் பக்கம் ஒரு கயிற்றுக் கடை இருந்தது. மூக்கணாங்கயிறு, மாட்டுக் கழுத்துமணி, கிணற்றுக் கயிறு, அரிவாள் பிடி எல்லாம் விற்பார்கள். கடைக்குள் எந்நேரமும் தேங்காய் நார் வாசனை அடிக்கும். கடைக்கார அண்ணாச்சி கண்ணாடிப் பெட்டிமேல் ஒரு பழைய செய்தித்தாளை விரித்து, அதில் ஏழு விதமான தூண்டில் முட்களை வரிசையாக வைத்தார். முதலில் இருந்தது மூக்குத்தித் திருகாணி அளவு. கடைசியில் இருந்தது என் ஆள்காட்டி விரலை மடக்கினால் எவ்வளவு இருக்குமோ அவ்வளவு.

எந்த மீனுக்கு என்று கேட்டார். தெரியாது என்றேன். கடலா, ஆறா, கம்மாயா என்று கேட்டார். அதுவும் தெரியாது என்றேன்.

அண்ணாச்சி மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். எந்த ஊர் என்று கேட்டார். ஊர்ப் பெயரைச் சொன்னதும் அவர் முகம் மாறியது. குரலைத் தாழ்த்திக்கொண்டார். அப்போது அது ஏன் என்று எனக்குப் புரியவில்லை.

ஏழையும் ஒருதரம் பார்த்தேன். பெரிய முள்ளில் பெரிய மீன் மாட்டும், சின்ன முள்ளில் சின்ன மீன் மாட்டும். காட்டில் பசியோடு கிடக்கிறவனுக்கு எது வேண்டும்? இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன். கடைசி முள்ளைக் காட்டி, அதில் பத்து கேட்டேன். தூத்துக்குடிச் சரக்கோடு சேர்ந்து வந்து வருஷக்கணக்காக விலைபோகாமல் கிடந்த முள் அது. அண்ணாச்சி மறுபேச்சுப் பேசாமல் மடித்துக் கொடுத்தார்.

பட்டியலில் ஆறாவது

இந்தத் தொடரை விடாமல் வாசிக்கிறவர்களுக்கு அந்த வேலை வந்த கதை தெரியும். தெரியாதவர்களுக்காக இரண்டே வரி. சர்வே டிப்ளமா முடித்துவிட்டு ஊரில் சும்மா திரிந்துகொண்டிருந்த எனக்கு, மின்கோபுரம் நட நிலம் அளக்கும் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. வேலை வடகிழக்கில், நாலு நாள் ரயிலும் ஒரு நாள் லாரியும் ஏறிப் போய்ச் சேர வேண்டிய ஒரு காட்டில்.

வேலைக் கடிதத்தோடு ஒரு பட்டியலும் வந்திருந்தது. காட்டில் வழி தவறினால் உயிர்பிழைக்க ஒவ்வொருவரும் ஒரு சிறிய டப்பா வைத்திருக்க வேண்டுமாம். கத்தி, டார்ச், நனையாத தீக்குச்சி, கயிறு, ஊசி நூல் என்று போய், ஆறாவதாக நைலான் நரம்பும் தூண்டில் முள் பத்தும். எவ்வளவு பெரிய முள் என்று எழுதவில்லை. எழுதியவருக்கு அது எல்லோருக்கும் தெரிந்த விஷயமாக இருந்திருக்கும்.

தீக்குச்சி எனக்குப் பிரச்சினையே இல்லை. எங்கள் பக்கம் கழுகுமலை வரைக்கும் வீட்டுக்கு வீடு தீப்பெட்டி வேலைதான். மெழுகை உருக்கி, குச்சித் தலையை முக்கி எடுத்து, ஆறவைத்து, மறுபடி முக்க வேண்டும் என்று சொல்லத் தெருவுக்குப் பத்துப் பேர் இருந்தார்கள். ஒரு சாக்லேட் டப்பா நிறைய மெழுகுக் குச்சி சேர்ந்துவிட்டது. ஆனால் தூண்டில் முள்ளைப் பற்றி நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை. நாலு நாளில் ஊரைவிட்டுப் போகிறவன், யாரிடம் என்ன கேட்பது என்று விட்டுவிட்டேன். அங்கேதான் தப்புப் பண்ணினேன்.

முள் இருந்த வீடு

எங்கள் ஊர் கரிசல்காட்டு ஊர். ஐப்பசி, கார்த்திகையில் பெய்கிற மழைதான் வருஷத்துக்கான மழை. அது பெய்தால் கம்மாய் நிறையும். நிறைந்த கம்மாயில் ஊர் சேர்ந்து மீன்குஞ்சு விடும். பங்குனி, சித்திரையில் தண்ணீர் முழங்காலுக்கு வற்றியதும் ஒரு நாள் குறித்து ஊருக்குச் சாட்டுவார்கள். அதைக் 'கம்மாய் அழிக்கிற நாள்' என்போம். அன்றைக்கு ஊரே கம்மாய்க்குள் இறங்கும். கூடை, வலை, வேட்டி, சேலை, எது கையில் இருக்கிறதோ அதைக்கொண்டு பிடித்துக்கொள்ளலாம். அன்றைக்குச் சாயங்காலம் ஊரில் எந்தத் தெருவில் நடந்தாலும் மீன் குழம்பு வாசனைதான் வரும்.

அந்த நாள்வரைக்கும் ஒருவரும் தூண்டில் போடக் கூடாது. போட்டால் அபராதம் கிடையாது, அடி கிடையாது. முள் எந்த வீட்டில் இருந்ததோ அந்த வீடு அன்றைக்குத் தண்ணீரில் கால் வைக்கக் கூடாது. அவர்களுக்கு யாரும் ஒரு மீன்கூடக் கொடுக்கக் கூடாது. அவ்வளவுதான்.

கேட்பதற்குச் சின்னத் தண்டனையாகத் தெரியும். ஊரே மணக்கும்போது ஒரு வீடு மட்டும் மணக்காமல் இருப்பதை அனுபவித்தால்தான் தெரியும். நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் ஒரு வீடு இப்படி மாட்டிக்கொண்டது. அந்த வீட்டம்மா ரோஷக்காரி. கம்மாய் அழித்த அன்றைக்குப் பார்த்து, கடுங்கருவாடாக வாங்கி வந்து, கதவு ஜன்னலெல்லாம் திறந்துவைத்துக் குழம்பு வைத்தாள். ஊரின் மீன் குழம்பையெல்லாம் அந்தக் கருவாடு அமுக்கிவிட்டது. வருஷக்கணக்காக அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். சிரித்தார்களே தவிர, அந்த வீட்டுக்குப் பெயர் முள்வீடு என்றே ஆகிவிட்டது.

ஆகவே எங்கள் ஊரில் தூண்டில் முள் என்றால் மீன்பிடிக்கிற சாமான் இல்லை, திருட்டுச் சாமான். நான் கோவில்பட்டிக்குப் போனது மாசிக் கடைசியில். கம்மாய் வற்றிக்கொண்டிருந்தது. அந்த மாதத்தில் எங்கள் ஊர்க்காரன் ஒருவன் வந்து முள் கேட்டால் கடைக்காரர் ஏன் குரலைத் தாழ்த்த மாட்டார்?

பேச்சியம்மாள் சேலை

அப்பா அம்மா போன பிறகு எனக்கு அக்கா வீடுதான் வீடு. அக்கா பெயர் முத்துலட்சுமி. அத்தான் சண்முகையா ஆடு மேய்க்கிற குடும்பம். அறுப்பு முடிந்ததும் ஆடுகளை ஓட்டிக்கொண்டு, வயல்களில் உரத்துக்காகக் கிடைபோட ஊர் ஊராகப் போய்விடுவார். கல்யாணமாகி எங்கள் ஊரோடு வந்து பன்னிரண்டு வருஷம் ஆகியும் அவரைக் கிடைக்காரர் என்றுதான் சொல்லுவார்கள். ஊர்க்காரர் என்று ஒருவரும் சொன்னதில்லை.

அந்த வருஷம்தான் முதல்முறையாக அவருக்குக் கம்மாய்க் காவலைக் கொடுத்தார்கள். அத்தான் அந்த வருஷம் கிடைக்குப் போகவில்லை. பகலெல்லாம் கரையிலேயே ஆட்டை மேய்த்துக்கொண்டு காவல் பார்த்தார். சட்டையே போடாத மனுஷன், காவலுக்கென்று ஒரு காக்கிச் சட்டை தைத்துக்கொண்டார். அக்கா அதைத் தினமும் துவைத்துப் போட்டாள். அவளுக்கு அதில் அவ்வளவு பெருமை.

நான் முள் வாங்கி வந்த அன்றைக்கு அந்தக் காக்கிச் சட்டையோடு என் சட்டையையும் சேர்த்துத் துவைக்கக் கொண்டுபோயிருக்கிறாள். முட்கள் மடித்த காகிதத்தை நான் பயணப் பையில் எடுத்து வைத்திருந்தேன். ஆனால் ஒரு முள் மட்டும் காகிதத்தைக் கிழித்துக்கொண்டு சட்டைப் பைக்குள்ளேயே தங்கிவிட்டது. கம்மாய்ப் படித்துறையில் அக்கா சட்டையை ஓங்கி அடித்தபோது அது தெறித்து, பக்கத்தில் துவைத்துக்கொண்டிருந்த பேச்சியம்மாளின் சேலையில் மாட்டிக்கொண்டது. நாலைந்து பெண்கள் கூடி அதை எடுத்திருக்கிறார்கள். எடுத்தது என்னவென்று எல்லோரும் பார்த்துவிட்டார்கள்.

நான் வீட்டில் உட்கார்ந்து மெழுகு உருக்கிக்கொண்டிருந்தேன். அக்கா வாளியை வைத்துவிட்டு முள்ளை என் முன்னால் போட்டாள்.

"ஏலே, இது உன் சட்டையில எப்படி வந்துச்சு?"

கடிதத்தைக் காட்டினேன். ஆறாவது வரியைக் காட்டினேன். அக்காவுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனாலும் அந்த வரியையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஈரத் துணியைக் காயப்போடக்கூட இல்லாமல் சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள்.

பொழுது சாய ஆடுகளைப் பத்திக்கொண்டு அத்தான் வந்தார். வழியிலேயே யாரோ சொல்லிவிட்டார்கள். கைகால் கழுவிவிட்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தார். கடிதத்தை நான் தமிழில் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டார். பத்து முள்ளையும் வாங்கித் துண்டில் முடிந்தார்.

"லெட்டரு உனக்குச் சரி மாப்ளே. ஊருக்கு அது எதுக்கு? நாளைக்குக் காலையில சாவடியில நானே சொல்லப்போறேன்."

எனக்குக் கோபம் வந்தது. சொந்த மைத்துனனை ஊர் நடுவில் நிறுத்தப்போகிறவர் என்ன மனுஷன் என்று நினைத்தேன். இரண்டொரு வார்த்தை கூடுதலாகவே பேசிவிட்டேன். அக்கா அவருக்குச் சோறு வைத்தாள், குழம்பு ஊற்றினாள், ஒரு வார்த்தை பேசவில்லை. அத்தானும் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார். அந்த வீட்டில் அப்படியொரு சாப்பாடு நான் பார்த்ததில்லை.

சாவடியில்

காலையில், ஊர் கூடிப் பேசுகிற சாவடியில் இருபது முப்பது பேர் இருந்தார்கள். காவல்காரன் வீட்டிலேயே முள் என்றால் காவலை மாற்ற வேண்டியதுதானே என்று இரண்டு பேர் முன்கூட்டியே பேசி வைத்திருந்தது அவர்கள் முகத்திலேயே தெரிந்தது. ஊர்ப் பெரியவர் அய்யாத்துரை என்னைக் கூப்பிட்டு எதற்கு முள் என்று கேட்டார்.

காட்டில் வழி தவறிப்போனால் மீன் பிடித்துச் சாப்பிடுவதற்கு என்றேன்.

"காட்டுல தொலைஞ்சுபோறதுக்கா உனக்குச் சம்பளம் குடுக்காவ?" என்றார் அய்யாத்துரை.

சாவடியே சிரித்தது. எனக்குப் பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது.

அத்தான் மட்டும் சிரிக்கவில்லை. துண்டைத் தரையில் விரித்து என்னுடைய பத்து முட்களையும் வைத்தார். பிறகு இடுப்பு மடியிலிருந்து ஒரு பழைய பொடி டப்பாவை எடுத்துத் திறந்து பக்கத்தில் கொட்டினார். மூன்று மாதத்தில் கரையில் பிடித்த ஆட்களிடமிருந்து அவர் பறித்து வைத்திருந்த முட்கள். இருபதுக்கு மேல் இருக்கும். பெரும்பாலும் சுண்டுவிரல் நகம் அளவு, அதற்கும் சின்னது. ஒன்றிரண்டில் பாதி அறுந்த நரம்பு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது.

"இது திருடவந்தவம் முள்ளு. நம்ம கம்மாயில கெடக்கது ஜிலேபிக் கெண்டையும் கெளுத்தியும். அதுக வாயி எம்புட்டுன்னு திருடவந்தவனுக்குத் தெரியும்" என்றார். பிறகு என் முள் ஒன்றை எடுத்துத் தூக்கிக் காட்டினார். "இதக் கவ்வுத மீனு நம்ம கம்மாயில இருக்கா? இருந்தாச் சொல்லுங்க."

விராலுக்குப் பெரிய முள்தானே போடுவார்கள் என்று ஒருவர் கேட்டார். அத்தான் குவியலில் தேடி, ஒரு முள்ளைத் தனியே எடுத்து வைத்தார். அதுதான் விரால் முள், போன மாதம் பறித்தது. என் முள்ளில் பாதிகூட இல்லை. கேட்டவர் அதோடு விட்டுவிட்டார். பறிகொடுத்தவரே அவர்தான் என்று பிற்பாடு பேசிக்கொண்டார்கள்.

நான் திருடன் இல்லை, ஒன்றும் தெரியாதவன் என்பது ஊருக்கு முன்னால் நிரூபணமாகிவிட்டது. சந்தோஷப்படுவதா வெட்கப்படுவதா என்று தெரியவில்லை. அய்யாத்துரை எழுந்து தன் தோள்துண்டை உதறிவிட்டு, சரி போகட்டும், சண்முகையா வீடும் இறங்கலாம் என்றார்.

"அது எப்படி?" என்றார் அத்தான். "மீனப் பிடிச்ச வீடுன்னா சொல்லியிருக்கு? முள்ளு இருந்த வீடுன்னுதான சொல்லியிருக்கு. எங்க வீட்டுல இருந்துச்சு. இன்னைக்கு நான் எறங்குனா, நாளைக்கு எவனப் பிடிச்சாலும் ஒரு லெட்டரக் கொண்டாந்து நீட்டுவான்."

காவலை மாற்ற வந்த இரண்டு பேரும்தான் முதலில் எழுந்து போனார்கள்.

கூழ்

நான் ரயிலேறுவதற்கு முந்தின நாள் கம்மாய் அழித்தார்கள். அத்தான் காக்கிச் சட்டையோடு கரைமேல் கம்பை ஊன்றிக்கொண்டு நின்றார். நான் கொஞ்சம் தள்ளி நின்றேன். கரிசல் சகதி எல்லோருக்கும் இடுப்புவரை அப்பிக் கிடந்தது. ஒரு கெளுத்தி கரையோரம் துள்ளி வந்து அத்தான் காலடியில் விழுந்தது. குனிந்து எடுத்துத் தண்ணீருக்குள்ளேயே எறிந்தார். கீழே நின்ற பேச்சியம்மாள் கூடையைக் கவிழ்த்து அதைப் பிடித்துக்கொண்டாள்.

சாயங்காலம் ஊர் மணத்தது. அக்கா கருவாடு வைக்கவில்லை. கம்மங்கூழும் வெங்காயமும் மோர்மிளகாயும் வைத்தாள். வாசல் கதவைச் சாத்தவும் இல்லை. தம்பிக்கு ஒருவாய் மீன் ஆக்கிப்போட்டு அனுப்ப முடியவில்லை என்று மட்டும் யாரிடமோ சொல்வதுபோல் சொன்னாள். அத்தான் காதில் விழ அவள் பேசியது அந்த நாலு நாளில் அதுதான் முதல்முறை. அத்தான் கூழைக் குடித்து முடித்துவிட்டு, என் டப்பாவைப் பார்த்துவிட்டுத் தருவதாக வாங்கிக்கொண்டு போனார். இன்னும் முள் வைத்திருக்கிறேனா என்று சோதிக்கிறார் போல என்று நினைத்தேன். அப்போதும் எனக்கு அவர்மேல் கோபம் தீரவில்லை.

மறுநாள் கோவில்பட்டி ஸ்டேஷனுக்கு அக்கா மட்டும் வந்தாள். கடம்பூர் போளி ஒரு பொட்டலத்தையும், அத்தான் கொடுத்துவிட்ட என் டப்பாவையும் கையில் திணித்தாள். டப்பாவில் மேலாக என் பெரிய முட்கள் பத்தும் இருந்தன.

பிய்ந்த செருப்பு

காட்டுக்குப் போன மூன்றாவது மாதம். நான் வழி தவறவெல்லாம் இல்லை. மழையில் மலை சரிந்து பாதை அடைத்துக்கொண்டது, சாமான் லாரி வரவில்லை. கூடாரத்தில் நாலு பேர். அரிசி இருந்தது, மிளகாய்ப்பொடி இருந்தது, வேறொன்றும் இல்லை. மூன்று நாள் வெறுஞ்சோறு. அப்போதுதான் டப்பா ஞாபகம் வந்தது.

கூடாரத்துக்குக் கீழே ஒரு ஓடை. என் பெரிய முள்ளைக் கட்டிச் சோற்றை உருட்டி மாட்டிக் காலையிலிருந்து மதியம்வரை உட்கார்ந்திருந்தேன். மீன்கள் வந்தன. சோற்றைச் சுற்றிலும் கொத்தித் தின்றுவிட்டு முள்ளை அப்படியே விட்டுவிட்டுப் போயின. ஒவ்வொன்றும் விரல் நீளம்தான்.

வேறு முள் இருக்காதா என்று டப்பாவைக் கவிழ்த்தேன். மெழுகுக் குச்சிகளுக்கு அடியில் ஒரு பிய்ந்த ரப்பர் செருப்பின் துண்டு இருந்தது. அதில் வரிசையாகப் பத்துச் சின்ன முட்கள் குத்தியிருந்தன. ஒன்றில் அறுந்த நரம்பு தொங்கியது. சாவடித் துண்டில் பார்த்த அதே முட்கள். சட்டையைக் கிழிக்காமல் இருக்க ரப்பரில் குத்தி வைத்திருக்கிறார்.

அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் பதினோரு மீன் பிடித்தேன். உப்பும் மிளகாய்ப்பொடியும் போட்டு வேகவைத்து நாலு பேரும் தின்றோம். மற்ற மூன்று பேரும் என்னைத் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். எனக்கு அக்கா வீட்டுக் கூழ்தான் ஞாபகத்தில் இருந்தது. அன்றைக்கு அத்தானைப் பார்த்துக் கூடுதலாகப் பேசிய வார்த்தைகளும் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. வெட்கமாக இருந்தது.

பாதை சரியானதும் அக்காவுக்கு நீளமாக ஒரு கடிதம் எழுதினேன். மீன் சாப்பிட்டதை எழுதினேன், செருப்புத் துண்டை எழுதினேன், அத்தானிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லச் சொன்னேன். பதில் வர ஒரு மாதம் ஆனது. அக்கா எழுதியிருந்தாள்:

"நீ எழுதுனத அவிய மூணு தடவ வாசிக்கச் சொன்னாவ. அந்த முள்ளையும் சும்மா எடுத்து வைக்கல, சாவடியில கேட்டுத்தான் எடுத்து வச்சாவளாம். மன்னிப்பெல்லாம் வேண்டாம்னு சொல்லச் சொன்னாவ. அந்த ஓடைக்குக் காவல் யாருன்னு கேட்டுட்டுத் தூண்டி போட்டியான்னு மட்டும் கேட்டு எழுதச் சொன்னாவ."

ஓடைக்கு மேலே ஒரு மலைக்கிராமம் இருந்தது. தினமும் அந்த வழியாகத்தான் அளவுச் சங்கிலியோடு போய்வந்தேன். நான் கேட்கவில்லை. கேட்கவில்லை என்று அத்தானுக்கு எழுத எனக்கு இன்னொரு மாதம் ஆனது.